அழகேசனின் முதுகு

லாரி போன மூன்றாவது வாரம், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் தர்மலிங்கம் குணவதியைக் கூப்பிட்டுப் பங்களாச் சாவியைக் கையில் கொடுத்தார்.

"சுங்கை பட்டாணியிலேருந்து ஜப்பான் ஆபீசர் யாரோ வந்து தங்கப் போறாராம். என்னைக்குன்னு சொல்லல. நீதானே தொரைசானிகிட்ட ஆயாவா இருந்தே. தெனமும் போயி கூட்டித் தொடச்சு வையி."

"நான் ஒருத்தியாவாங்க?"

"வேற யாரு இருக்கா லா தோட்டத்துல?"

அவர் சொன்னது பொய்யில்லை. பீடோங்கிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்த அந்தத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பாதி ஆண்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்விட்டார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். குணவதியின் புருஷன் அழகேசன் மூன்றாவது லாரியில் போனான். நெருக்கியடித்து நிற்கவைத்திருந்தார்கள். பின்பக்க விளிம்பில் நின்றவனால் திரும்பக்கூட முடியவில்லை. அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். ரப்பர் ஸ்டோர் முனையில் லாரி வளைந்து மறையும்வரை அவள் பார்த்தது அவன் முதுகை மட்டும்தான்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அம்மா அப்பா இல்லை. இருந்தது அவன் ஒருவன்.

பங்களா மேட்டின் மேல் இருந்தது. சண்டை தொடங்கிய டிசம்பரில் துரையும் துரைசானியும் ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே காரில் போனபின் அது பூட்டியே கிடந்தது. பின்கதவைத் தள்ளியதும் உள்ளிருந்து ஒரு மூச்சு வந்து அவள் முகத்தில் பட்டது. வௌவால் எச்சமும் நனைந்த பஞ்சும் கலந்த மூச்சு. வெளியே, பால் வெட்ட ஆளில்லாத ரப்பர் மரங்கள் படிவரைக்கும் வந்து நின்றன. வெயில் உச்சியில் இருக்கும்போதே அந்த மரங்களுக்கடியில் சாயங்காலமாகிவிடும். எங்கோ ஒரு காய் வெடித்து, கொட்டை தகரக் கூரையில் விழுந்து உருண்டது. பிறகு சத்தமே இல்லை.

வடக்கு மூலையில் இருந்த அறையை அவள் கடைசியாகத் திறந்தாள்.

துரைசானி படம் எழுதும் அறை அது. கண்ணாடிப் பலகை, அதில் வண்ணம் அரைக்கும் குழவி, சீசாக்களில் செம்மண், மஞ்சள் மண், பச்சை மண், ஒரு விரல் உயரத்துக்கு நீலம், துணியில் சுற்றிய தூரிகைகள். சுண்ணப் பொடியும் பசையும் எட்டுத் தடவை பூசி, தேய்த்துத் தேய்த்து முட்டை ஓடு போல வழவழப்பாக்கிய வெள்ளைப் பலகைகள் மூன்று சுவரோரம் சாய்ந்திருந்தன. எதையும் யாரும் எடுத்துப்போகவில்லை. சோற்றுக்காகாத பொருள்.

ஆறு வருஷம் குணவதிக்கு அந்த அறையில் வேலை இருந்தது. முட்டையை உடைத்து வெள்ளையை வழியவிட்டு, மஞ்சள் கருவை ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு உருட்டி ஈரம் போக்கவேண்டும். பிறகு அதன் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, ஊசியால் குத்தினால் உள்ளிருப்பது மட்டும் கிண்ணத்தில் இறங்கும். தோல் விரலில் தங்கிவிடும். சில சொட்டுத் தண்ணீர். அரைத்த மண்ணோடு அதைக் குழைத்தால் வண்ணம். துரைசானி அதைத் தொட்டு மயிரிழை மயிரிழையாகக் கோடு போடுவாள்.

அவள் எழுதியதெல்லாம் கண்ணால் காணும் இடமில்லை. குனோங் ஜெராய் மலை பூமியை விட்டு எழும்பி வானத்தில் நிற்கும். ரப்பர் மரங்களுக்கு நடுவில் தங்க நிறத்தில் ஒரு கடல் இருக்கும். "இது எந்த ஊரு மேம்?" என்று குணவதி ஒருநாள் கேட்டதற்கு, துரைசானி தனக்குத் தெரிந்த மலாயும் தமிழும் கலந்து, "தூத்துப் மாத்தா, குணா. கண்ணு மூடு. உள்ள வருது, அத போடு" என்றாள்.

ஜப்பான் ஆபீசர் அந்த வாரம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. குணவதி லயத்தில் திருடு போகாமலிருக்கத் தன் மூன்று கோழிகளையும் துரையின் நாய்க்கூண்டில் கொண்டுவந்து அடைத்தாள். கூட்டித் துடைத்தபின் செய்ய ஒன்றுமிருக்காது. லயத்துக்குப் போனால் அழகேசனின் சட்டை கொடியில் தொங்கும். போகாமலிருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஒருநாள் முட்டையை உடைத்து, மஞ்சளை உள்ளங்கையில் உருட்டினாள்.

முதல் பலகை வீணாயிற்று. கரு குறைந்தால் வண்ணம் காய்ந்து தூளாக உதிர்ந்தது. கூடினால் பிசுபிசுத்து எறும்பு மொய்த்தது. ஈரத்தோடு ஈரம் இழுத்தால் அடியில் போட்டதும் சேர்ந்து பிய்ந்து வந்தது. ஒரு கோடு காய்ந்த பிறகுதான் அதன்மேல் அடுத்த கோடு. அவசரப்படுகிறவர்களுக்கு அது வசப்படாது என்று அவள் கைக்கு மெல்லத் தெரிந்தது. அவளுக்கு அவசரம் எதுவுமில்லை.

லயத்தில் பேச்சு வந்தது.

"புள்ளைங்க மரவள்ளிக் கெழங்கத் தின்னு வயிறு வீங்கிக் கெடக்குது, நீ முட்டைய எடுத்துப் பலகைல பூசுறியாமே?" என்று பக்கத்து வீட்டுக் கருப்பாயி கேட்டாள்.

"வெள்ளைய பூசுறதில்லக்கா. தெனமும் ஒனக்குக் கொண்டாந்து தரேன். புள்ளைக்கி வேகவச்சுக் குடு."

"மஞ்சளும் திங்கிறதுதான் குணா."

குணவதி மறுநாள் முதல் வெள்ளைக் கருவைக் கொட்டாங்கச்சியில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டாவது பலகையில் அவள் கண்ணை மூடினாள்.

வந்தது அவளுக்குத் தெரியாத ஓர் இடம். பழுப்பாக ஓடும் பெரிய ஆறு. கரையெல்லாம் மூங்கில். ஆற்றுக்கு அப்பால் பல் முளைத்ததுபோல் நேராக எழும்பிய சாம்பல் மலை. ஆறு வளையும் இடத்தில் ஒரு மண்பாதை. கெடா மாநிலத்தைத் தாண்டி எங்கும் போகாதவள் அவள். இந்த மலையை எங்கே பார்த்தேன் என்று யோசித்து யோசித்து விட்டுவிட்டாள். கை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதம் அந்த ஆற்றங்கரையில் இருந்தாள்.

தீபாவளி வந்த வாரம் படம் முடிந்தது. லயத்தில் யாரும் எண்ணெய் வைக்கவில்லை. வைக்க எண்ணெய் இல்லை. அவள் படத்தின் முன் உட்கார்ந்து அந்த வெறும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளில்லாத பாதையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மிச்சமிருந்த வண்ணத்தைத் தொட்டுக் கட்டைவிரல் உயரத்தில் அதில் ஒரு ஆளை நிறுத்தினாள். சாக்குத் துணிக் கால்சட்டை, வெறும் மேல், ஒரு பக்கம் சற்றே இறங்கிய தோள். முகம் எழுத அவளுக்கு வராது. அதனால் முதுகைத்தான் எழுதினாள்.

மறுநாள் சாயங்காலம் கதவைப் பூட்ட வந்தபோது புல்வெளி ஓரத்தில் ஒரு ஆள் நின்றான்.

மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பக்கம் தோள் இறங்கியிருந்தது.

"என்னாங்க?"

அவன் அசையவில்லை.

சாவி கையிலிருந்து விழுந்தது தெரியாமல் அவள் ஓடினாள். அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள்.

அங்கேயும் முதுகுதான் இருந்தது.

மறுபடி சுற்றினாள்.

முதுகு.

அவன் திரும்பியதாகத் தெரியவில்லை. அவன் கால் பெயரவில்லை. புல் மடங்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் அந்த முதுகெலும்பும் இறங்கிய தோளும்தான் அவளுக்கு நேராக இருந்தன. ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. அந்த மேட்டில் ஆறே கிடையாது.

இருட்டத் தொடங்கியதும் அவன் இல்லை.

அவள் பயந்திருக்கவேண்டும். முதலில் பயப்படவில்லை. மறுநாள் அதே நேரத்துக்காகக் காத்திருந்தாள். அவன் வந்தான், படிக்குக் கொஞ்சம் பக்கத்தில். அவள் படியில் உட்கார்ந்து அன்றைய கதையைச் சொன்னாள். கோழி ஒன்று அடை கேட்பதை, கருப்பாயி பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதை, கிராணியார் சைக்கிளுக்கு டயர் இல்லாமல் ரப்பர்க் குழாய் சுற்றி ஓட்டுவதை. கிழங்கு அவித்து இலையில் வைத்தாள். இலை அப்படியே இருந்தது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற முதுகு ஒன்று அவளுக்கு இருந்தது. வெறும் வீட்டுக்கு அது மேல்.

நாலாம் நாள் அவன் வராந்தாவில் நின்றான். பத்தாம் நாள் அறைக்குள், பலகைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து.

அப்போதுதான் அவள் அந்த முதுகைக் கவனித்தாள்.

அது மெலிந்துகொண்டிருந்தது.

அவள் எழுதியது சதைப்பிடிப்பான முதுகு. இப்போது விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. அடுத்த வாரம் எண்ணினாள். அதற்கடுத்த வாரம் தோல் ஈரச் சாக்குப்போல நிறம் மாறி, தோள்பட்டையின் மேல் ஒட்டிக் கிடந்தது. வாடையும் மாறியது. சேறு மட்டுமில்லை இப்போது.

"ஒங்களுக்கு அங்க சோறு போடலையா?" என்று அவள் கிசுகிசுத்தாள். "திரும்புங்க. ஒரே ஒரு வாட்டி. இங்கிட்டுத் திரும்புங்க."

முதுகு நின்றது.

தான் முதுகை எழுதியதால்தான் முதுகு வருகிறது என்று அவளுக்குப் பட்டது. முகத்தை எழுதினால் அவன் திரும்புவான். திரும்பியவன் வீட்டுக்கு வந்துவிடுவான். மூன்றாவது பலகையை எடுத்து வைத்தாள். பச்சை மண்ணால் முகத்தின் நிழலைப் போட்டாள். கண்ணை மூடினாள்.

ஒன்றும் வரவில்லை.

அழகேசனின் முகம் அவளிடம் இல்லை.

நாலு வருஷம் ஒரே பாயில் கிடந்தவன். இறங்கிய தோள் ஞாபகமிருந்தது. சாப்பிடும்போது போடும் சத்தம் இருந்தது. லாரியில் போன முதுகு அச்சாக இருந்தது. முகம் இருந்த இடம் மட்டும் அந்த வெள்ளைப் பலகை மாதிரி இருந்தது. போட்டோ எடுத்தவர்களில்லை அவர்கள். அவள் லயத்துக்கு ஓடினாள்.

"கருப்பாயக்கா, எங்க வூட்டுக்காரரு மூக்கு எப்பிடி இருக்கும்?"

கருப்பாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன் புருசன் மொகத்த எங்கிட்ட வந்து கேக்குறியே குணா. வா, இன்னைக்கி எங்கூட வந்து படு. அந்தப் பங்களாவுக்கு இனிமே போவாத."

"சொல்லுக்கா."

"மூக்கு மாதிரிதான் இருக்கும். நான் என்னாத்தக் கண்டேன்."

மறுநாள் குணவதி எழுதினாள். தெரியாமல் எழுதினாள். ஒரு மூக்கு, ஒரு வாய், இரண்டு கண். யாருடைய முகமோ அது. யாருடையதும் இல்லாத முகம். கன்னத்துக்குச் செம்மண் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு நிமிர்ந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது.

அவன் சுவரோரம் வந்துவிட்டிருந்தான்.

முதன்முறையாக அவன் தலை அசைந்தது.

மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கமாக.

காது தெரிந்தது.

காதுக்கு முன்னால் கன்னத்தின் விளிம்பு தெரிந்தது.

அந்தக் கன்னத்தில் தோல் இல்லை. கோடுகள் இருந்தன. மயிரிழை மயிரிழையாக, அவள் கையால் போட்ட செம்மண் கோடுகள்.

அவள் துள்ளி எழுந்தாள். கழுவும் துணியைத் தண்ணீரில் தோய்த்து மூன்றாவது பலகையின் மேல் பாய்ந்தாள். காயாத வண்ணம் வழிந்தது. காய்ந்ததை நகத்தால் சுரண்டினாள். வெள்ளைச் சுண்ணம் தெரியும்வரை, விரலில் ரத்தம் வரும்வரை சுரண்டினாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

தலை மறுபடி சுவரைப் பார்த்திருந்தது. தோள்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறவனின் தோள் அப்படித்தான் குலுங்கும்.

அதன்பிறகு அவள் முகம் எழுதவில்லை. பங்களாவுக்குப் போகாமலும் இருக்கவில்லை. வேலையை முடித்துக்கொண்டு வெயிலிருக்கும்போதே இறங்கிவிடுவாள். திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். பின்னால் யாரோ தன்னந்தனியாக விடப்படுவதை அவளால் முதுகில் உணரமுடிந்தது.

மாசியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துச் செக்கச்செவேலென்று கிடந்தபோது பிச்சை வந்து சேர்ந்தான். அழகேசனோடு அதே லாரியில் போனவன். சயாமிலிருந்து தப்பி, காடும் மேடுமாக நடந்தே வந்திருந்தான். காலில் புண் எலும்புவரை போயிருந்தது. கிராணியார் கண்ணில் பட்டால் வம்பு என்று கருப்பாயி அவனைப் பங்களாவுக்கு அழைத்துவந்தாள். குணவதி அவனை வடக்கு அறையில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தாள். கேட்கவேண்டியதைக் கேட்காமல் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊற்றினாள்.

பிச்சை கஞ்சியைக் கீழே வைத்தான். சுவரோரப் பலகையைப் பார்த்துவிட்டான்.

"அண்ணி. இத யாரு போட்டது?"

"நாந்தான்."

"நீங்க அங்க வரலையே."

அவன் எழுந்து கிட்டே போகவில்லை. பின்னால் நகர்ந்தான்.

"இந்த மல. இந்த வளைவு. இங்கதான் அண்ணி எங்க கேம்பு. இந்த மூங்கிலத்தான் வெட்டுனோம்." அவன் பாதையில் நின்ற ஆளைக் காட்டினான். "இது அண்ணந்தானே."

"அவரு எங்க பிச்சை?"

"வாந்தி பேதி வந்திருச்சு. கொட்டாயிலேருந்து தூக்கியாந்து ஆத்தோரமா போட்டுட்டாங்க. இந்த எடந்தான். குப்புறக் கெடந்தாரு. கிட்ட போனா ஜப்பான்காரன் அடிப்பான். எனக்கும் ஒட்டிக்குமோன்னு பயம்." அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் திருப்பிப் பாக்கல அண்ணி. ஒருபிடி மண்ணுகூடப் போடல. அந்த முதுகப் பாத்துக்கிட்டே ஓடியாந்துட்டேன்."

"எப்போ?"

"தீபாவளி அன்னைக்கோ மறுநாளோ. யாரோ தீபாவளின்னு சொல்லி அழுதாங்க."

கருப்பாயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். குணவதி அழவில்லை. அந்த முதுகு மெலிந்தது பசியால் இல்லை என்று அவளுக்குப் புரிந்துகொண்டிருந்தது. மழையிலும் வெயிலிலும் ஆற்றோரம் கிடந்த ஒன்றை, நாள்தவறாமல் எதிரில் வைத்துக்கொண்டு அவள் கோழிக் கதை சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் கூண்டில் ஒரே ஒரு முட்டை இருந்தது. வெள்ளையைப் பிச்சைக்குக் கொடுத்தாள். மஞ்சளை உருட்டி, தோலைப் பிடித்துக் குத்தி இறக்கினாள். செம்மண் சீசாவில் மிச்சமிருந்ததையெல்லாம் கண்ணாடிமேல் கொட்டி அரைத்தாள்.

பாதையில் நின்றவனின் காலிலிருந்து தொடங்கினாள். ஒரு கோடு. காயவிட்டு, அதன்மேல் ஒரு கோடு. மண்வெட்டியால் அள்ளிப் போட்டால் ஒரு நாழிகையில் முடிகிற வேலை. மயிரிழைத் தூரிகையால் அதைச் செய்ய நாள் முழுக்க ஆயிற்று. முழங்கால் மறைந்தது. இடுப்பு மறைந்தது. இறங்கிய தோளுக்கு வந்தபோது கை நின்றது. இதை மூடிவிட்டால் அவன் இந்தச் சாயங்காலம் வரமாட்டான். எந்தச் சாயங்காலமும் வரமாட்டான்.

"போட்டுடு குணா," என்றாள் பின்னாலிருந்து கருப்பாயி. "எவ்வளவு நாளுதான் கெடப்பாரு."

அவள் போட்டாள். கடைசிக் கோடு காய்ந்தபோது ஆற்றங்கரையில் ஒரு மண்மேடு மட்டும் இருந்தது. கழுத்திலிருந்த தாலிக் கயிற்றைக் கழற்றிப் பலகையின் அடியில் வைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் புல்வெளி வெறுமையாக இருந்தது. சுவரோரம் யாருமில்லை. சேற்று வாடையும் இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் எதையும் பார்க்கவில்லை. பயம் போய்விட்டது. ஆனால் எத்தனையோ நாள் அதே நேரத்தில் அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். எதையும் கேட்காத மரங்களைத் தவிர எதிரில் ஒன்றுமிருக்காது. அந்தக் கோடுகளைச் சுரண்டி எடுத்துவிடலாமா என்றுகூட ஒருநாள் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். முட்டை வண்ணம் அதற்குள் கல்லாக இறுகியிருந்தது.

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அந்தத் துரைசானி வரவில்லை, தெற்கே எங்கோ கைதிகள் முகாமில் செத்துப்போனாளாம். வேறு துரை வந்தார். படங்களையெல்லாம் பெட்டியில் அடைத்து எங்கோ அனுப்பிவிட்டார். குணவதி அதே பங்களாவில் வேலைக்கு இருந்தாள். சமையலுக்குப் புக்கிட் செலம்பாவிலிருந்து பிரேமாவதி என்று ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். தோட்டத்துக்குப் புதியவள், யாரையும் தெரியாது.

அவள் வந்து ஒரு மாதமிருக்கும். வெயில் தாழ்ந்த நேரத்தில் இருவரும் பின்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, கேக்கணும்னு இருந்தேன். அந்த அண்ணன் யாரு? தெனமும் இந்நேரத்துக்கு வர்றாரே."

குணவதியின் விரல் முறத்தில் நின்றது.

"எந்த அண்ணன்?"

"ஒரு பக்கம் தோள் சாஞ்சிருக்கும். பேசமாட்டாரு. ஒங்களுக்கு ஒறவுக்காரரோன்னு நெனச்சேன். நீங்க எங்க போனாலும் ஒங்க பின்னாலதான் நிக்கிறாரு."

"முதுகுதானே தெரியும்?"

"முதுகா? மொகத்தத்தான் தெனமும் பாக்குறேனே. நீட்டு மொகம். முன்பல்லு ரெண்டு ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கும். வலது புருவத்துல முடி மொளைக்காம ஒரு கோடு, கத்தி பட்ட மாதிரி."

பால் வெட்டும் கத்தி. கல்யாணமான முதல் வருஷம். மஞ்சளைக் குழைத்து அந்தப் புருவத்தில் வைத்து அழுத்தியது அவள் கட்டைவிரல்தான். ரத்தம் வழிய வழிய அவன் சிரித்தான், ஏறிய பல் தெரிய. அந்த முகம் முழுசாக, மூக்கும் கண்ணும் மோவாயுமாக, அவளுக்குள் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் அவள் முதன்முதலாக அவனைப் பார்த்தாள்.

"இப்போ எங்க நிக்கிறாரு?" என்று குணவதி மெதுவாகக் கேட்டாள். திரும்பவில்லை.

பிரேமாவதி மரியாதைக்கு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். முறத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, படியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டாள்.